மலைத் தடத்துக்குக் கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் பட்டறைக்கு வண்டி விட வருகிறவர்கள் டீ ஆறுவதற்குள் கேட்கிற கேள்விகள் பத்துப் பதினைந்துதான். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர், கூடலூர்ப் பக்கமிருந்து பைக்கில் வரும் பையன்கள், ஓய்வு பெற்ற கையோடு பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் வாங்கிய வங்கிக்காரர் என்று ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. கேட்டவர் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். பெட்ரோல் வண்டிகளைப் பற்றி மட்டும்தான் பேச்சு. டீசல் ஜீப்பில் கார்புரேட்டரே கிடையாது, அது வேறு கதை.

"அண்ணே, ரெண்டுமே பெட்ரோல்தானே விடுது? அப்புறம் என்ன வித்தியாசம்?"

கார்புரேட்டரில் என்ஜின் இழுக்கிற காற்று ஒரு குறுகலான தொண்டை வழியாகப் போகிறது. அங்கே அழுத்தம் குறைவதால், பக்கத்துக் கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோல் ஜெட் என்ற சிறு துளை வழியாக மேலே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. எவ்வளவு பெட்ரோல் என்பதைத் துளையின் அளவும் காற்றின் இழுவையும் தீர்மானிக்கின்றன. கரண்ட் வேண்டாம், கணக்கு வேண்டாம்.

இன்ஜெக்‌ஷனில் டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப் பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. இன்ஜெக்டர் சில மில்லி விநாடிகள் மட்டும் திறந்து மூடும். எத்தனை மில்லி விநாடி என்பதை ஈசியூ என்கிற குட்டிக் கணினி சொல்கிறது. காற்றின் அழுத்தம், வெப்பம், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்றெல்லாம் பார்த்து அது சொல்லும்.

"புது வண்டியில கார்புரேட்டர் கிடைக்குமா?"

கிடைக்காது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தபின் டீத்தூள் மூட்டை சுமக்கிற எக்ஸ்.எல். 100 கூட இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. ஆகவே இந்தப் பக்கம் முழுக்கப் பழைய வண்டி வாங்குகிறவருக்கும், கையில் இருப்பதை மாற்றலாமா என்று யோசிக்கிறவருக்கும்தான்.

"மேட்டுப்பாளையத்துல பறக்குற வண்டி ஊட்டி வந்ததும் ஏன் மூச்சு வாங்குது?"

மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். ஏறி முடிப்பதற்குள் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். என்ஜின் ஒவ்வொரு தடவையும் அதே கொள்ளளவு காற்றைத்தான் இழுக்கிறது, ஆனால் அதில் சரக்கு குறைவு. டர்போ இல்லாத எந்தப் பெட்ரோல் என்ஜினுக்கும் இந்த இழப்பு உண்டு. இன்ஜெக்‌ஷன் வாங்கினால் கீழே இருந்த பிக்கப் மேலேயும் கிடைக்கும் என்று நினைத்து வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிடைக்காது.

கார்புரேட்டருக்கு இதற்கு மேல் இன்னொரு தொல்லை. காற்று மெலிகிற அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. சமவெளியில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று சரியாக இருந்த கலவை, ஊட்டியில் 13.4 அளவுக்கு இறங்கிவிடும். பத்துச் சதவீதம் பெட்ரோல் அதிகம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக் கறுக்கும், புகை கறுக்கும், ஐடிலிங் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடுவது) பொதபொதவென்று இருக்கும், மைலேஜ் கரையும். இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது.

"சின்ன ஜெட் போட்டா சரியாயிடுமா?"

மலையிலேயே கிடக்கிற வண்டிக்கு ஆகும். மெயின் ஜெட்டை ஒரு எண் இறக்கி, ஐடில் ஸ்க்ரூவைத் திருத்தி, நாலு நாள் ஓட்டிப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காப்பித்தூள் நிறம் வந்தால் போதும். இரண்டு எண் இறக்குவது முன்பு வழக்கம். இப்போது நான் இறக்குவதில்லை, காரணம் எத்தனால் கேள்வியில் வருகிறது.

சிக்கல் கீழே இறங்கும்போதுதான். மலைக்கென்று ஒடுக்கிய ஜெட்டோடு சமவெளியில் விரட்டினால் கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, என்ஜின் சூடேறும். ஊட்டிப் பையன் ஒருவன் தன் டூ-ஸ்ட்ரோக் யமஹாவுக்கு ஜெட் இறக்கி ஜம்மென்று ஓட்டிக்கொண்டிருந்தான். கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். போகிற வழியில் காரமடை தாண்டவில்லை, பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறையும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. நீங்கள் வேகமாக ஓட்டுகிற இடங்களில் எது மிகத் தாழ்வோ அதற்குத்தான் ஜெட். மேலே கொஞ்சம் புகைந்தால் புகையட்டும்.

"செங்குத்தான மேட்டுல நிறுத்தினா ஜிப்ஸி தானா அணைஞ்சுடுது. என்ஜின் போச்சா?"

என்ஜினுக்கு ஒன்றும் இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மிதவை மாதிரியேதான், மட்டம் ஏறினால் ஊசி வந்து வழியை அடைக்கும். வண்டி நிமிரும்போது கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. ஜெட் இருக்கிற பக்கம் வற்றினால் என்ஜின் தாகத்தில் அணையும், மறுபக்கம் ஏறினால் பெட்ரோல் வழிந்து மூழ்கி அணையும். தேயிலைச் சரிவில் பக்கவாட்டாகப் போகும்போதும் இதே கதை.

முதலில் மிதவை மட்டத்தைச் சரிபாருங்கள். பிறகு ஊசி. அதன் நுனி தேய்ந்து வளையம் விழுந்திருந்தால் சமதரையில் தெரியாது, மேட்டில் தெரியும். நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஊசியை மாற்றியதிலேயே சரியாகின. மீதியைப் பொறுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். மிதவை என்று ஒன்று இருக்கிற வரை சாய்வுக்கு எல்லை உண்டு.

"அப்போ எஃப்.ஐ. வண்டி எவ்வளவு சாஞ்சாலும் ஓடும்?"

எஃப்.ஐ. என்றால் இன்ஜெக்‌ஷன்தான். இன்ஜெக்டர் ஓடும், டேங்க் விடாது. கால் டேங்க் பெட்ரோலோடு செங்குத்தாக ஏறினால் பெட்ரோல் ஒரு மூலைக்குப் போய்ப் பம்ப் காற்றை உறிஞ்சும். அந்தப் பம்ப் சூடாகாமல் இருப்பதே சுற்றியுள்ள பெட்ரோலால்தான். எஸ்டேட் தடத்துக்குப் போகிற நாளில் அரை டேங்குக்குக் கீழே வைக்காதீர்கள்.

பைக்காரர்களுக்கு இன்னொன்று. பல எஃப்.ஐ. பைக்குகளில் வண்டி கீழே விழுந்ததை உணர்ந்து என்ஜினை நிறுத்தும் சென்சார் உண்டு. நிமிர்த்தியபின் சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். இது தெரியாமல் மன்னவனூரில் இருந்து பூம்பாறை வரை பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த இருவரை எனக்குத் தெரியும். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. அவர்கள் சிரிக்கவில்லை.

"டிசம்பர்ல காலைல எவ்வளவு உதைச்சாலும் ஸ்டார்ட் ஆகல, என்ன பண்ண?"

உறைபனி விழுகிற காலையில் பெட்ரோல் ஆவியாகத் தயங்கும். அதற்குத்தான் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக். முழுதாக இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். நம் ஆட்கள் பயத்தில் ஆக்சிலேட்டரை நாலு முறை முறுக்குவார்கள், பிளக் நனைந்துவிடும். நனைந்துவிட்டால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்துவைத்து உதைக்க வேண்டும். எஃப்.ஐ.யில் சாவி போட்டதும் பம்ப் "உய்ய்" என்று சத்தமிட்டு ஓயும். அது ஓயும்வரை இரண்டு விநாடி பொறுத்து ஸ்டார்ட் செய்தால் போதும்.

"மூடுபனியில போகப் போக வேகம் குறைஞ்சு நின்னுடுது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கிளப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. காத்துக் கருப்பா இருக்குமோ?"

இதைக் கேட்டவர் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். பாதி இல்லை. இரவு நேரம், தொட்டபெட்டா ரோடு, பழைய ஜீப்.

கார்புரேட்டர் தொண்டைக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே பத்து டிகிரி இருந்தாலும் தொண்டைக்குள் உறைநிலைக்குக் கீழே போய்விடும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம், ஆக்சிலேட்டர் திருப்புகிற த்ராட்டில் தகட்டில் பனிக்கட்டியாகப் படியும். வழி அடைபட்டு வண்டி நிற்கும். நின்றதும் என்ஜின் சூடு மேலேறிக் கட்டியைக் கரைத்துவிடும். நீங்கள் திறந்து பார்க்கும்போது தடயமே இருக்காது. சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் பயப்படுகிற சமாச்சாரம் இது, நம் மார்கழி மூடுபனி அதற்கென்றே அமைந்தது.

பழைய கார்களின் ஏர் ஃபில்டர் டப்பாவில் புகைக்குழாய்ப் பக்கமிருந்து சூடான காற்றை எடுக்கும் வழி ஒன்று இருக்கும். அதைத் தேவையில்லை என்று யாராவது கழற்றி எறிந்திருப்பார்கள். திரும்ப மாட்டுங்கள். இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வுக்குப் பக்கத்தில், சூடான இடத்தில் தெளிக்கப்படுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

"சித்திரை வெயில்ல பர்லியாறு ஏறும்போது கார் நின்னா, எங்கப்பா பெட்ரோல் பம்ப் மேல ஈரத் துணி போடுவார். அது நெசமா?"

நெசம்தான். முந்தைய கேள்விக்கு நேர் எதிரான நோய் இது. என்ஜினோடு ஒட்டிய பழைய பம்ப் சூடாகி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவிக்குமிழியாகிவிடும். அந்தப் பம்புக்குக் குமிழியைத் தள்ளத் தெரியாது. உயரம் ஏற ஏற இன்னும் குறைந்த சூட்டிலேயே பெட்ரோல் கொதிக்கும். ஈரத் துணி குளிர வைத்துக் குமிழியைக் கலைக்கிறது. எஃப்.ஐ.யில் பம்ப் டேங்குக்குள், குழாய் முழுக்க அழுத்தம், அதனால் குமிழி எழ இடம் குறைவு.

"நடு எஸ்டேட்டுல எஃப்.ஐ. நின்னுட்டா செத்தோம்தானே?"

இந்தப் பயம் பாதி நியாயமானது. பேட்டரி சுத்தமாகச் செத்தால் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாவிட்டால் தள்ளினாலும் பலனில்லை. என்ஜின் சுற்றும்போதே கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோவில் ஓடுகிற பழைய கார்புரேட்டர் பைக்கைப் பேட்டரியே இல்லாமல் உதைத்துக் கிளப்பலாம். சிக்னல் கிடைக்காத இடத்தில் இது பெரிய விஷயம்.

ஆனால் நின்ற எஃப்.ஐ. வண்டிகளை அவிழ்த்துப் பார்த்தால் ஈசியூ போனது அபூர்வம். ஃபியூஸ், ரிலே, பேட்டரி முனையில் உப்பு, எலி கடித்த வயர், சைடு ஸ்டாண்டு சுவிட்ச். இவைதான். ஒரு ஃபியூஸ் பொட்டலமும் ஜம்பர் கேபிளும் வைத்திருங்கள். சாவி போட்டதும் பம்ப் சத்தம் வருகிறதா என்று கேட்கப் பழகுங்கள், பாதி நோய் அதிலேயே தெரியும். ஒரு சென்சார் மட்டும் போனால் மஞ்சள் விளக்கு எரிந்தபடி பெரும்பாலும் ஊர் வந்து சேரலாம்.

கார்புரேட்டர் தூசியாலும் தண்ணீராலும் அடிக்கடி மக்கர் செய்யும், ஆனால் பாறை மேல் உட்கார்ந்தே கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஜெட்டுக்குள் மட்டும் கம்பி விடாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிடும். வாயால் ஊதினாலே பெரும்பாலும் போதும்.

"ஓடையில இறக்கலாமா?"

ஒதுக்குக் காட்டிலும் முதுமலைப் பக்கமும் அனுமதியின்றி இறக்கினால் வனத்துறை வழக்குப் போடும், போடவும் வேண்டும். உங்கள் தோட்டத்து ஓடை என்றால் சொல்கிறேன். கார்புரேட்டருக்குக் கீழே தொங்கும் காற்றுக் குழாய்கள் தண்ணீருக்குள் போனால் கிண்ணத்துக்குக் காற்று கிடைக்காமல் என்ஜின் திணறும், அவற்றை மேலே ஏற்றிக் கட்டுங்கள். எஃப்.ஐ.யில் வயர் இணைப்புகளின் ரப்பர் உறைகள் கிழியாமல் இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போவது. அப்படி நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

"இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் கார்புரேட்டரைத் தின்னுடும்னு சொல்றாங்களே?"

பழைய ரப்பர் குழாயையும் மிதவை ஊசியின் ரப்பர் நுனியையும் அது கெடுக்கும். கூடவே ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் கிண்ணத்தில் பச்சைப் பாசி மாதிரி ஒன்று படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முழுக்க வண்டியை மூடி வைப்பதானால் கிண்ணத்துத் திருகைத் தளர்த்திப் பெட்ரோலை வடித்துவிடுங்கள், டேங்கை நிரப்பி வையுங்கள். காலி டேங்கில்தான் வேர்க்கும். எஃப்.ஐ. மூடிய அமைப்பு என்பதால் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதையும் பல மாதம் அப்படியே போடக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவையில்லை, சுமார் 13.5 போதும். மேலே ஊட்டியில் கார்புரேட்டர் கலவை 13.4 ஆகிறது என்று சொன்னேன் அல்லவா? மலை கெடுத்ததை எத்தனால் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடுகிறது. அதனால்தான் இப்போது ஜெட்டை இரண்டு எண் இறக்க வேண்டாம் என்கிறேன், பல வண்டிக்கு ஒன்றுகூட வேண்டியிருப்பதில்லை. கீழே போனால் நிலைமை தலைகீழ், கலவை லீன் ஆகும். மைலேஜ் மட்டும் எங்கேயும் குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதற்கு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

"இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்தானே?"

எஃப்.ஐ. வண்டியில் மிச்சமே இல்லை, நஷ்டம். கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் ஈசியூ பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும், சக்கரமே என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். கார்புரேட்டரில் கொஞ்சம் மிச்சமாகலாம், ஆனால் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

"எஃப்.ஐ. பைக் சகதியில உதறுது, கார்ப் பைக் வழுக்கிட்டுப் போகுதே?"

உண்மை. சின்ன எஃப்.ஐ. பைக்குகளில் ஆக்சிலேட்டர் கொஞ்சமே திறந்திருக்கும்போது பெட்ரோல் நின்று திரும்ப வருகிற இடத்தில் ஒரு வெட்டு தெரியும். நடைவேகத்தில், ஈரக் கல் மேல், அதுதான் கவிழ்த்துவிடும். ஆக்சிலேட்டர் கேபிளின் தளர்வைக் குறைத்து, கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி ஓட்டினால் முக்கால்வாசி போய்விடும். கார்புரேட்டரின் அந்த மெத்தென்ற குணம் எனக்கும் பிடிக்கும்.

"என் பழைய வில்லீஸ் ஜீப்புக்கு இன்ஜெக்‌ஷன் கிட் மாட்டிக் குடுப்பீங்களா?"

மாட்ட முடியும், மாட்டச் சொல்ல மாட்டேன். உயர் அழுத்தப் பம்ப், மீதி பெட்ரோல் திரும்பும் குழாய், புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார், என்ஜின் சுழற்சியைச் சொல்லும் சிக்னல், இத்தனைக்கும் தாங்குகிற மின்சாரம் வேண்டும். ஆரம்பகால வில்லீஸ் பல 6 வோல்ட் வண்டிகள். வயரிங் முழுக்க மாற்றிய பிறகு அது வில்லீஸா என்று நீங்களே கேட்பீர்கள். அந்தப் பணத்தில் கார்புரேட்டரை முழுதாகப் புதுப்பித்து டிஸ்ட்ரிபியூட்டரையும் சரிசெய்தால் மீதம் இருக்கும்.

எதிர்த்திசையில் கேட்கிறவர்களும் உண்டு: "எஃப்.ஐ.யைத் தூக்கிட்டுக் கார்ப் போட்டா நிம்மதிதானே?" மாட்டேன். புகை அளவு தவறும், வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும்.

"கடைசியா ஒண்ணு. பழைய ஜிப்ஸி வாங்குறேன், எது?"

1985-இல் வந்தது 970 சிசி கார்புரேட்டர். 1996-இல் 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங், அதுவும் கார்புரேட்டர்தான். 2000-இல் 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ., அதாவது இன்ஜெக்‌ஷன், 80 குதிரைத்திறன். வாரத்துக்கு இரண்டு முறை கோயம்புத்தூர் போய் வருகிறவர் எம்.பி.எஃப்.ஐ.யே வாங்குங்கள், உயர மாற்றத்தை அது பார்த்துக்கொள்ளும். தோட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறவர், கையில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் என்றால் நல்ல நிலையில் இருக்கும் கார்புரேட்டர் வண்டி மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். பைக்கிலும் இதேதான் அளவு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இல் 2016 வண்டி கார்புரேட்டர், 2017-இலிருந்து எஃப்.ஐ.; பார்த்து வாங்குங்கள்.

"உங்க வண்டி எதுண்ணே?"

கார்புரேட்டர் ஜிப்ஸி கிங். சமவெளிக்குப் போவதென்றால் மனைவியின் எஃப்.ஐ. ஸ்கூட்டரிலோ பஸ்ஸிலோதான். ஜிப்ஸி இப்போது பட்டறைக்குப் பின்னால் மேட்டைப் பார்த்து நிற்கிறது. மிதவை ஊசி மாற்ற வேண்டும், மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.